சாட்டின் துண்டு

வெள்ளைப் பூச்சில் ஒரு புள்ளி. மிளகு அளவு. ஈரத்தில் சிவப்பாக இருந்தது, காய்ந்து துருநிறமாகியிருந்தது.

மேஸ்திரி குனிந்து நகத்தால் சுரண்டிப் பார்த்தார். போகவில்லை.

“உள்ள ஆணி ஏதாவது இருக்கா?”

“இல்ல,” என்றாள் அதைப் பூசியவள். இடது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

சாரத்தின் மேலிருந்து நெட்டை எட்டிப் பார்த்தான். அவனும் கொத்தனார். உயரத்துக்காக வந்த பெயர். தனக்கு ஏணியே வேண்டாம் என்று அவனே சொல்லிக்கொள்வான்.

“ஏன்க்கா, சுவருக்கு லிப்ஸ்டிக் போட்டு விட்டீங்களா?”

கலவை அடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

“உனக்குப் பாத்து வச்ச பொண்ணுடா. கண்ணு வைக்காம வேலையப் பாரு,” என்றாள்.

இன்னும் பலமாகச் சிரித்தார்கள். மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை.

“கையக் காட்டு.”

காட்டினாள். உள்ளங்கை சாம்பல் பூத்திருந்தது. விரல் மடிப்புகளில் கறுப்புக் கோடுகள். வலது கட்டைவிரலின் ஓரம் பிளந்திருந்தது. இடது சுட்டுவிரலில் நுனியிலிருந்து முதல் கணு வரை ஒரு வெடிப்பு. விரலை நீட்டியதும் அது வாய் திறந்தது.

“எப்பலேர்ந்து?”

“காத்து வறண்டதுலேர்ந்து. வருஷா வருஷம் வர்றதுதான்.”

“வருஷா வருஷம் நீ வெள்ளைச் சுவர் பூசல.”

அது உண்மை. கட்டிக்கொண்டிருந்தது ஒரு நூலகம். அதன் முன்சுவர் தெருவைப் பார்த்து வளைந்து நிற்கும். வெள்ளைச் சிமெண்டும் பளிங்குப் பொடியும் கலந்த பூச்சு. ஒரே நாளில், ஒட்டுத் தெரியாமல், ஒரே கையால் பூச வேண்டும். மாதிரிக்காகப் பின்பக்கச் சுவரில் நான்கு கொத்தனார்களும் ஆளுக்கொரு சதுரம் பூசினார்கள். மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டு நான்கையும் தடவிப் பார்த்தார். அவளுடைய சதுரத்தில் கையை வைத்தவர் எடுக்கவில்லை. முன்சுவர் அவளுக்கு என்றார். வேலையிடத்தில் கரண்டி பிடிக்கிற ஒரே பெண் அவள். சித்தாளாகக் கல் சுமக்க வந்தவள்.

இப்போது புள்ளி இருப்பது அந்தச் சதுரத்தில்தான்.

“மாதிரிங்கிறதால பொழச்சோம்,” என்றார் மேஸ்திரி. “முன்சுவர்ல ஒரு சொட்டு விழுந்தா என்ன ஆகும்?”

“மொத்தத்தையும் கொத்திப் போடணும்.”

“அடுத்த வாரம் சனிக்கிழமை உன் கையப் பாப்பேன். ஆறியிருந்தா திங்கள்கிழமை நீ பூசு. இல்லன்னா நெட்டை பூசுவான்.”

நெட்டை சிரிப்பதை நிறுத்தினான்.

“கையுறை போட்டுக்கிறேன்,” என்றாள்.

“போட்டுக்கிட்டா பூச முடியுமா உன்னால?”

முடியாது. வளைவில் மட்டக்கோல் உட்காராது. மேடு எங்கே, பள்ளம் எங்கே என்று விரல்தான் சொல்ல வேண்டும். ரப்பருக்குள் விரல் ஊமை.

“அதுவரைக்கும் உள்ள செங்கல் வேலையப் பாரு,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

*

வீட்டின் முன்னறை தையற்கடை. ஒரு மெஷின், வெட்டும் மேஜை, இஸ்திரிப் பெட்டி, ஆள் உயரக் கண்ணாடி. அவள் கணவர் தையல்காரர். கல்யாண கவுன்களுக்கு அந்தப் பக்கத்தில் அவரைத்தான் தேடி வருவார்கள். அவர் கை மைதா மாவு போல இருக்கும். கல்யாணமான புதிதில் அவள் அதைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இதுல யாரு பொண்ணு, யாரு மாப்பிள்ளை?” என்று கேட்டாள். அந்தக் கேள்வியை அவர் இன்றுவரை வாடிக்கையாளர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். கூடவே, “நம்ம வீட்டுக்காரம்மா கொத்தனார்,” என்பார். கேட்பவர் நம்பாவிட்டால் கையிலிருப்பதை வைத்துவிட்டு வாசலுக்குக் கூட்டிப் போய், எதிர்ச் சாரியில் ஒரு மாடியைக் காட்டுவார். “அது அவ பூசினது.”

வீட்டில் ஒரு சட்டம் உண்டு. வெட்டும் மேஜையில் இருக்கும் எதையும் அவள் தொடக் கூடாது. அவள் விரல் பட்டால் சாட்டின் நூல் இழுத்துக்கொள்ளும். சட்டம் போட்டது அவள்தான்.

அன்று வந்தவுடன் விஷயத்தைச் சொன்னாள். சுருக்கமாகச் சொன்னாள். நெட்டையின் லிப்ஸ்டிக்கை விடவில்லை.

அவர் மெஷினை நிறுத்தினார். மேஜைக்கு அடியிலிருந்த கூடையில் கைவிட்டு ஒரு வெள்ளைச் சாட்டின் துண்டை எடுத்தார்.

“கைய நீட்டு.”

துண்டை அவள் உள்ளங்கையில் வைத்து மெதுவாக இழுத்தார். துணி நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது, நின்றது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பளபளப்பெல்லாம் நூல் நூலாக எழுந்து நின்றது.

“பூனை பிறாண்டின மாதிரி இருக்கு.”

“கிண்டல் பண்ணாதீங்க. எனக்கு அழுகை வருது.”

“நான் கிண்டல் பண்ணல. அளவெடுக்கிறேன்.” துண்டை மடித்து மெஷின் டிராயரில் போட்டார். “தினமும் ஒரு புதுத் துண்டு. எங்கயும் மாட்டாம போயிட்டா ஆறிடுச்சுன்னு அர்த்தம்.”

பிறகு தங்கைக்குப் போன் செய்தார். அவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். கடை மூடிவிட்டு நேராக வந்தாள். அண்ணியின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“கையா அண்ணி இது? உப்புத்தாளு!”

“வந்ததும் ஆரம்பிக்காத.”

“எதைப் போட்டுக் கழுவுறீங்க?”

“துணி சோப்பு. கலவை போகலன்னா கொஞ்சம் மண்ணெண்ணெய். அப்புறம் கொதிக்கக் கொதிக்க வெந்நி. இதமா இருக்கும்.”

நாத்தனார் அண்ணனைப் பார்த்தாள். “இவ்வளவு நாள் கை மிச்சம் இருந்ததே பெருசுண்ணா.”

பையிலிருந்து இரண்டு டப்பாக்களை எடுத்து வைத்தாள். சிமெண்டு காரம், அது தோலில் இருக்கிற எண்ணெயை எடுத்துவிடும் என்றாள். வேலை முடிந்ததும் பச்சைத் தண்ணீரில் கழுவ வேண்டும். பிறகு ஒரு வாளித் தண்ணீரில் ஒரு மூடி வினிகர் விட்டு அதில் அலச வேண்டும், காரம் அடங்கும். மறுபடி நல்ல தண்ணீர். குளிக்கிற சோப்பு போதும். மண்ணெண்ணெய் பக்கமே போகக் கூடாது. துடைக்கும்போது தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் முழுசாகக் காய்வதற்குள் களிம்பு.

“இது வெறும் பெட்ரோலியம் ஜெல்லி. இப்பலேர்ந்து இதைப் போடுங்க. அந்த டப்பா யூரியா களிம்பு. வெடிப்பு மூடினப்புறம்தான். இப்ப போட்டா எரியும்.”

“யூரியாவா? அது வயலுக்குப் போடுறதாச்சே.”

“போட்டுப் பாருங்க. ரெண்டு போகம் விளையும்.”

தையல்காரர் அதற்குள் பழைய பனியன் ஒன்றை வெட்ட ஆரம்பித்திருந்தார். அவள் கையைத் தாளில் வைத்துக் கோடு போட்டு, இரண்டு கையுறை தைத்தார். தூங்கும்போது போட. விரல் இடுக்கெல்லாம் வளைத்துத் தைத்திருந்தார். வாங்கியது எதுவும் அவள் கைக்கு அப்படிப் பொருந்தியதில்லை.

“பாத்திரம் தேய்க்கக் கூடாது. பத்து நாளைக்கு,” என்றாள் நாத்தனார்.

“அது என் பாடு,” என்றார் அவர்.

“அண்ணா பாத்திரம் தேய்க்கிறதா? டிக்கெட் போட்டு விக்கலாமே!”

*

ஐந்து துண்டுகள் டிராயரில் சேர்ந்தன. முதல் துண்டைவிட ஐந்தாவதில் நூல்கள் குறைவு. உள்ளங்கை மழமழவென்று ஆகிக்கொண்டு வந்தது. மடிப்புகளின் கறுப்புக் கோடுகள் வெளுத்தன. ஆனால் இரண்டு பெரிய வெடிப்புகளும் அப்படியே இருந்தன. சுட்டுவிரல் வெடிப்பின் இரண்டு கரையும் தடித்து, கல் போல எழுந்து நின்றன. ஒவ்வொரு நாளும் துணி சரியாக அங்கேயே மாட்டியது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தையல்காரர் பொத்தான் வாங்கப் போயிருந்தார். அவள் பின்வாசலில் உட்கார்ந்து விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய் வேலைப் பையைத் திறந்தாள்.

அவர் திரும்பி வந்தபோது வாளித் தண்ணீர் லேசாகச் சிவந்திருந்தது. அருகில் ஒரு உப்புத்தாள். சுட்டுவிரலின் தடித்த கரைகள் போயிருந்தன. அதோடு பக்கத்துத் தோலும் போயிருந்தது.

அவர் துணியைக் கிழித்தார். கட்டினார். கட்டி முடித்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

“என்ன செஞ்ச?”

“ஓரம் தடிச்சுக் கிடந்துச்சு. அதைத் தேய்ச்சு எடுத்தாத்தான் அடைக்க முடியும்.”

“எதை அடைக்க?”

“வெடிப்பை. எப்பவும் அப்படித்தானே செய்வோம். ஓரத்தைச் சுரண்டி, தேய்ச்சு, தூசி தட்டி, அப்புறம்…”

நிறுத்தினாள். தான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்கே கேட்டுவிட்டது.

“சுவர்னு நெனச்சிட்டியா?” என்றார். கோபமாகத்தான் கேட்டார். ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு அவள் அழுதாள்.

“போச்சு. நெட்டைக்குத்தான்.”

அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். வெகுநேரம் கட்டுப் போட்ட விரலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“நீ பூசின சுவர் எதுவும் வெடிக்கலையே. எப்படி?”

“நான் காய விடமாட்டேனே. பூசிட்டு அப்படியே போட்டா மறுநாளே வெடிச்சிடும். ஈரச் சாக்கு போட்டு மூடுவேன். சாக்கு காயறதுக்கு முன்னாடி மறுபடி தண்ணி விடுவேன். வெயில் அடிச்சா நாள் பூரா நிப்பேன். மத்தவங்க சாயங்காலம் ஒரு தடவை ஊத்திட்டுப் போயிடுவாங்க. அதெல்லாம்…”

மறுபடி நிறுத்தினாள். கையைப் பார்த்தாள். தினமும் தூங்கப் போகும்போது ஒரு தடவை களிம்பு. சாயங்காலம் ஒரு தடவை ஊற்றிவிட்டுப் போகிறவர்களின் வேலை.

“டப்பாவ எடுங்க,” என்றாள்.

*

அதற்குப் பிறகு அவள் தன் கைக்கு மேஸ்திரி ஆனாள். ஜெல்லியில் கொஞ்சம் ஒரு சின்ன டப்பியில் அடைத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். கை கழுவும்போதெல்லாம் போட்டாள். சாப்பிட்ட பிறகு போட்டாள். கை இழுக்கிற மாதிரி இருந்தாலே போட்டாள். செங்கல் வேலைக்குப் பனியன் கையுறை, அதற்கு மேல் ரப்பர். வியர்வையில் உள்ளே நனைந்தால் மாற்றிக்கொள்ள இன்னொரு ஜோடி.

வேலையிடத்தில் பேசிக்கொண்டார்கள்.

“அக்கா சினிமாவுக்குப் போறாங்களாம்,” என்றான் நெட்டை.

“ஆமாண்டா. கதாநாயகி நான். நீ மரம்.”

வீட்டில் இன்னொன்று நடந்தது. வியாழக்கிழமை தையல்காரர் ஒரு கவுனின் கீழ்மடிப்பைத் தைத்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கையை எடுத்தார். விரலைப் பார்த்தார். துணியைப் பார்த்தார். சாட்டினில் ஒரு நூல் எழுந்து நின்றது.

“என்னாச்சு?” என்றாள்.

“ஒண்ணுமில்ல.”

அவள் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துப் பார்த்தாள். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து விரல்நுனிகள் சொரசொரத்திருந்தன.

“வாங்க மாப்பிள்ளை,” என்றாள். “உக்காருங்க.”

வினிகர்த் தண்ணீர் இல்லாமல் மீதி எல்லாவற்றையும் அவருக்கும் செய்தாள். அன்று இரண்டு பேரும் கையுறை போட்டுக்கொண்டு படுத்தார்கள். விளக்கை அணைக்கச் சுவிட்ச் வழுக்கியது. யார் அணைப்பது என்று கொஞ்ச நேரம் தகராறு.

வெள்ளிக்கிழமை புதுத் துண்டு. இடது கை: சுட்டுவிரலில் மட்டும் ஒரு நூல். வலது கை: கட்டைவிரல் ஓரத்தில் ஒரு நூல். அவ்வளவுதான். ரத்தம் இல்லை. ஆனால் சுட்டுவிரலின் புதுத் தோல் காகிதம் போல இருந்தது. நாள் முழுக்கச் சுவரைத் தடவினால் கிழிந்துவிடும். இரண்டு பேருக்கும் அது தெரிந்தது.

“சுட்டுவிரல்தான் வேணுமா?” என்று கேட்டார். “மத்த விரல்ல தெரியாதா?”

“பழக்கம் இல்ல.”

“நடுவிரலும் மோதிர விரலும் நல்லாத்தானே இருக்கு.”

அவள் யோசித்தாள். எழுந்து போய் அறைச் சுவரை அந்த இரண்டு விரல்களால் தடவினாள். கண்ணை மூடிக்கொண்டு தடவினாள். வெட்டும் மேஜையின் விளிம்பைத் தடவினாள். கதவை, கண்ணாடிச் சட்டத்தை, அலமாரியை. கடைசியில் அவர் கன்னத்தில் வைத்தாள்.

“இங்க சரியா ஷேவ் பண்ணல.”

“தெரியுதா?”

“நல்லாத் தெரியுது.”

அவர் மெஷினில் உட்கார்ந்தார். இந்தத் தடவை மெல்லிய ரப்பர்த் துணி, உள்ளே பனியன். இடது கையுறையில் இரண்டு விரல்களை மட்டும் முதல் கணுவோடு திறந்து விட்டார். திறந்த விளிம்பு விரலை இறுக்கிப் பிடிக்கும்படி மடித்துத் தைத்தார். சாந்து உள்ளே போகக் கூடாது. வலது கையுறையில் கட்டைவிரலுக்கு மட்டும் இரட்டைத் துணி. கவுன் தைக்கிற சின்னத் தையல். அவள் போட்டுக் கரண்டியைப் பிடித்துப் பார்த்தாள். காற்றில் ஒரு சுவரைப் பூசினாள்.

*

சனிக்கிழமை மேஸ்திரி கையைப் பார்த்தார். வெயிலில் திருப்பினார். வெடிப்பிருந்த இடத்தை அழுத்தினார்.

“சுட்டுவிரல் இன்னும் பச்சைத் தோலா இருக்கே.”

“அதுக்கு லீவு.”

“லீவா? அப்புறம் எதை வச்சுப் பாப்ப?”

கையுறையைப் போட்டுக் காட்டினாள். அவர் அதை உரித்து வாங்கி, உள்ளும் புறமும் பார்த்தார். தையலை இழுத்துப் பார்த்தார்.

“யாரு தச்சது?”

“எங்க வீட்டுக்காரர்.”

“பூசு, பாப்போம்.”

பின்பக்கச் சுவருக்கே போனார்கள். பழைய சதுரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சதுரம் பூசினாள். நடுவில் ஒரு தடவை கரண்டியை வைத்துவிட்டு இரண்டு விரல்களால் தடவினாள். நின்றாள். அதே இடத்தில் மறுபடி கரண்டியை ஓட்டினாள்.

மேஸ்திரி கண்ணை மூடித் தடவினார். புதியதைத் தடவினார், பழையதைத் தடவினார், புதியதைத் தடவினார்.

“திங்கள்கிழமை விடியறதுக்குள்ள வந்துடு,” என்றார்.

*

திங்கள்கிழமை காற்று இல்லை. சாரத்தின் மேல்தட்டில் அவள் நின்றாள். கீழே நெட்டை கலவையைப் பார்த்துக்கொண்டான். யாரும் சொல்லாமல் அவனாகவே வந்து நின்றான். வெள்ளைப் பூச்சுக்குக் கலவை ஒரு சட்டி தண்ணியானால் ஒரு சட்டி கெட்டியாகும், நிறம் மாறிவிடும். மற்றவர்களை நம்பி விட முடியாது என்றான்.

“மரம் நடந்து வந்துடுச்சே,” என்றாள்.

“கதாநாயகி தனியா நின்னா படம் ஓடாதுக்கா.”

மேலிருந்து கீழே, இடமிருந்து வலமாகப் போனாள். அப்பினாள், இழுத்தாள், தேய்த்தாள். கரண்டி ஈரத்தில் ஒரே மாதிரி சீறியது. ஒவ்வொரு முழத்துக்கும் இரண்டு விரல். முதலில் அந்த விரல்கள் தயங்கின. வளைவின் நடுவில் வந்தபோது அவள் அவற்றை மறந்துவிட்டாள். சாப்பிட இறங்கவில்லை. இறங்கினால் ஒட்டு விழும். நெட்டை ஒரு டம்ளரை நீட்ட, கையுறையோடு வாங்கிக் குடித்துவிட்டுக் கொடுத்தாள்.

மத்தியானத்துக்கு மேல் வலது கட்டைவிரல் எரிந்தது. இரட்டைத் துணிக்குள் ஈரம் தெரிந்தது. வியர்வையா, வேறா என்று பார்க்கவில்லை. எதுவானாலும் அது உள்ளேயே இருக்கும். அந்தத் தையலை அவள் நம்பினாள்.

கடைசி முழம் முடிந்தபோது தெருவில் வெயில் சாய்ந்திருந்தது. சாய்ந்த வெளிச்சம்தான் சுவருக்குப் பரீட்சை. சின்ன மேடும் அதில் நிழல் காட்டிவிடும். மேஸ்திரி தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்றார். இந்த முனைக்கு நடந்தார், அந்த முனைக்கு நடந்தார். திரும்பி வந்தார்.

“சாக்கு நனைச்சு வைக்கச் சொல்லு,” என்றார் நெட்டையிடம். “நாளைக்கு அவ கேக்கும்போது தயாரா இருக்கணும்.”

நெட்டை போகவில்லை. அவளருகில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

“அக்கா, உங்க வீட்டுக்காரர்கிட்ட எனக்கும் ஒரு ஜோடி தைக்கச் சொல்றீங்களா?” கையை நீட்டினான். அவன் கைகளும் வெடித்திருந்தன. அவளுடையதைவிட மோசம். இத்தனை நாளும் பைக்குள் வைத்தே நடந்திருக்கிறான்.

“அளவு வேணும்டா. வீட்டுக்கு வா,” என்றாள். “மண்ணெண்ணெய் போடுறியா?”

“ஆமா.”

“வா, உனக்கு எங்க நாத்தனார்கிட்ட இருக்கு.”

*

சாரம் பிரித்து, சாக்கு எடுத்து, சுவர் முழுசாக உலர்ந்த பிறகு ஒரு சாயங்காலம் தையல்காரர் வந்தார். நல்ல சட்டை போட்டிருந்தார். சுவரைப் பார்த்தார். அது தெருவோடு சேர்ந்து வளைந்து, வெளிச்சத்தை ஒரு முனையில் வாங்கி மறு முனையில் விட்டது. போகிறவர்கள் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

அவர் பையிலிருந்து வெள்ளைச் சாட்டின் துண்டு ஒன்றை எடுத்தார். சுவரின் இடது முனையில் வைத்து, விரல்களால் லேசாக அழுத்தி, இழுத்துக்கொண்டே நடக்க ஆரம்பித்தார். தலையைச் சாய்த்துக் காதைத் துணிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

“என்ன சார்,” என்று மேஸ்திரி உள்ளேயிருந்து கூப்பிட்டார், “சுவருக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?”

“இருங்க, அளவெடுத்துக்கிறேன்.”

வளைவின் நடுவைத் தாண்டினார். துணி நிற்கவில்லை. கடைசி முனை வரை போய், காற்றில் விழுந்து தொங்கியது. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு நூல்கூட எழவில்லை.

“எங்கயும் மாட்டல,” என்றார் அவளிடம். குரல் கொஞ்சம் உரக்க வந்தது. தெருவில் இரண்டு பேர் நின்றார்கள். “எங்க வீட்டுக்காரம்மா பூசினது,” என்றார் அவர்களிடம்.

“தெரியும். எல்லாருக்கும் ஏற்கெனவே சொல்லியாச்சு. நடங்க,” என்றாள். பக்கச் சுவர்களும் அவளுக்குத்தான் என்று மேஸ்திரி காலையில் சொல்லியிருந்தார். அதை வீட்டில் போய்ச் சொல்லலாம் என்று வைத்திருந்தாள்.

மடிப்பதற்காகத் துண்டை அவர் கையிலிருந்து வாங்கினாள். வலது கட்டைவிரலில் ஒரு நூல் மாட்டிக்கொண்டது.

“இங்க மாட்டுது பாருங்க.”

“அது கொத்தனார் கை. மாட்டும்,” என்றார். சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து களிம்பு டப்பாவை எடுத்தார்.